வெயிலோடு சேர்ந்து வேலை செய்யும் விதை

சம்பா அறுவடை முடிந்து, அதே ஈரத்தில் தெளித்த உளுந்தும் பயறும் வீட்டுக்கு வந்துவிட்டால், காரைக்கால் பக்கம் வயல் வேலை படுத்துவிடும். ஆற்றில் தண்ணீர் வந்து அடுத்த உழவு தொடங்கும் வரை கையில் காசு புரள வேறு வழி பார்க்க வேண்டும். திருநள்ளாறு கொம்யூனில் உள்ள ஒரு மகளிர் குழு அதற்காகக் குளியல் பொடி அரைக்கிறது. பச்சைப்பயறு சொந்த வயலில் விளைந்தது. வெட்டிவேர், கோரைக்கிழங்கு, பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, கஸ்தூரி மஞ்சள் எல்லாம் நாட்டு மருந்துக் கடையில் வாங்குவது. நளன் குளத்தில் எண்ணெய் தேய்த்து முழுக வருகிற சனிக்கிழமைக் கூட்டம் இருப்பதால் விற்பனைக்குக் கவலை இல்லை.

குழுவின் தலைவிக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. ஒன்றரை ஏக்கர் நிலம், இரண்டு மாடு. சின்னப் பிள்ளையிலிருந்து நாற்று பறித்து, நடவு நட்டு, களை எடுத்துப் பழகியவர். சென்ற வருடம் கோயிலுக்கு வந்த ஒரு பெண், பொடி வாங்கிக்கொண்டு போகும்போது அவரிடம் ஒரு யோசனை சொல்லிவிட்டுப் போனார். "அக்கா, இப்ப எல்லாரும் முகத்துச் சுருக்கத்துக்கு பாகுச்சியால்னு ஒண்ணு தேடுறாங்க. அது உங்க கார்போகரிசியில இருந்து வர்றதுதான். அதை எண்ணெயில காய்ச்சிச் சின்ன பாட்டில்ல போட்டுக் குடுங்க. நானே மாசம் நூறு பாட்டில் எடுத்துக்கிறேன்."

நூறு பாட்டில் என்றால் குழுவில் இருக்கும் பன்னிரண்டு குடும்பத்துக்கும் பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் பெரிய உதவி. அத்தனை பேருக்கும் ஆசைதான். தலைவிக்கு மட்டும் ஒரு விஷயம் உறுத்தியது. கார்போகரிசியை அவருக்கு வேறு விதமாகத் தெரியும்.

அவருடைய பெரியப்பாவுக்குக் கையிலும் கழுத்திலும் வெண்புள்ளி இருந்தது. சித்த வைத்தியர் கார்போகரிசியை அரைத்துப் பூசக் கொடுத்தார். பூசிய பிறகு காலை இளவெயிலில் கொஞ்ச நேரம் மட்டும் நிற்க வேண்டும் என்பது கட்டளை. எவ்வளவு நேரம் என்பதையும் அவரே கணக்காகச் சொல்லி, நாளுக்கு நாள் பார்த்துப் பார்த்துக் கூட்டினார். ஒரு நாள் பெரியப்பா மாட்டைத் தேடிக்கொண்டு உச்சிவெயிலில் அலைந்துவிட்டு வந்தார். இரண்டு நாள் கழித்துப் புள்ளி இருந்த இடமெல்லாம் வெந்நீர் கொட்டியதைப் போலக் கொப்புளம் போட்டது. வைத்தியர் மருந்தை நிறுத்திவிட்டு, "வெயிலை அளந்து குடுக்கணும்னு சொன்னேனே" என்று மட்டும் சொன்னாராம்.

தலைவியின் சந்தேகம் அங்கிருந்துதான் கிளம்பியது. வெயிலை அளந்து கொடுக்க வேண்டிய ஒரு மருந்தை, அழகுக்கென்று பூசிக்கொண்டு ஒருத்தி நடவுக்குப் போனால் என்ன ஆகும்?

அவருடைய தெருவிலேயே அதற்குப் பதில் இருந்தது. சின்னம்மா முறையுள்ள ஒரு பெண்மணி, தேமலுக்கு நல்லது என்று யாரோ சொல்லக் கேட்டு, கார்போகரிசிப் பொடியைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சிக் கழுத்திலும் முன்கையிலும் தடவிக்கொண்டு களை எடுக்கப் போனார். அன்றைக்கு ஒன்றும் இல்லை. மறுநாள் லேசான எரிச்சல். மூன்றாம் நாள் சிவந்து தடித்து நீர் கோத்துக்கொண்டது. வயலில் முந்தின வாரம் களைக்கொல்லி தெளித்திருந்ததால் பழி அதன் மேல் விழுந்தது. அக்கி என்றார் ஒருவர், பூச்சி கடித்தது என்றார் இன்னொருவர். எண்ணெயை யாரும் சந்தேகப்படவில்லை. பத்து நாள் கூலி போனது. கொப்புளம் ஆறிய பிறகும் கறுத்த தடம் பொங்கல் வரை மறையவில்லை.

தெரியாமல் ஆர்டரை ஒப்புக்கொள்ளக் கூடாது என்று தலைவி முடிவு செய்தார். வேளாண் கல்லூரியில் படிக்கும் தம்பி மகளைக் கேட்டார். தோல் டாக்டரிடம் போனபோது கேட்டார். நாட்டு மருந்துக் கடைக்காரரையும் விடவில்லை. ஒவ்வொருவரும் சொன்னதைச் சேர்த்துப் பார்த்தபோது ஒரு தெளிவு கிடைத்தது.

ஒரே விதை, இரண்டு சரக்கு

கார்போகரிசி, பயறு வகைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடியின் விதை. வடக்கே இதை பாகுச்சி, பாப்ச்சி என்பார்கள். தாவரவியலில் சோராலியா கோரிலிஃபோலியா. ஊதா நிறத்தில் பூத்து, காய்க்கு ஒரு விதையாகக் கறுப்பாக விளையும். சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் வெண்புள்ளிக்கும் தோல் நோய்களுக்கும் நெடுங்காலமாகப் பயன்படுகிறது.

இந்த விதைக்குள் இருக்கும் சரக்குகளில் இரண்டை மட்டும் பிரித்துத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

முதலாவது சோராலென். ஃப்யூரோகூமரின் என்ற வகையைச் சேர்ந்தது. தோலுக்குள் போய்ச் சும்மா இருக்கும். சூரிய ஒளியில் உள்ள 'புற ஊதா ஏ' கதிர் பட்டதும் விழித்துக்கொள்ளும். தோல் செல்லின் மரபணு இழையில் போய் ஒட்டிக்கொண்டு செல்லைக் காயப்படுத்தும். அதன் விளைவுதான் சிவப்பு, கொப்புளம், பிறகு கறுப்பு. வெண்புள்ளியில் நிறம் திரும்புவதற்கும் இதே வேலைதான் காரணம். மருந்து எதனால் குணப்படுத்துகிறதோ அதனாலேயே சுடவும் செய்கிறது.

எகிப்தில் நைல் கரையில் வளரும் வேறொரு செடியை வெண்புள்ளிக்குக் கொடுத்து நோயாளியை வெயிலில் நிறுத்தும் பழக்கம் உண்டு. அந்தச் செடியிலிருந்து இதே சோராலென் குடும்பத்துப் பொருளைப் பிரித்து, 1940-களில் கெய்ரோவில் எல் மொஃப்டி என்ற மருத்துவர் சிகிச்சை செய்து எழுதினார். 1974-ல் அமெரிக்காவில், அதே மருந்தையும் விளக்கொளியையும் சேர்த்துச் செதில் படை நோய்க்குக் கொடுத்தார்கள். 'பூவா' சிகிச்சை என்று இன்றும் மருத்துவமனைகளில் நடப்பது இதுதான். அங்கே மருந்துக்கும் அளவு உண்டு, ஒளிக்கும் அளவு உண்டு, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடியும் உண்டு. இத்தனை கட்டுப்பாட்டோடு கொடுத்தும், பல வருடம் நிறைய முறை எடுத்துக்கொண்டவர்களுக்குத் தோல் புற்றுநோய் வாய்ப்பு கூடுவதைக் கண்டிருக்கிறார்கள். குளியல் பொடியையும் அந்தச் சிகிச்சையையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனால் அளவில்லாமல் விளையாடுகிற சரக்கு இது இல்லை என்பது புரிகிறது.

இரண்டாவது பாகுச்சியால். 1966-ல் பூனாவிலுள்ள தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர்கள் இந்த விதையிலிருந்து பிரித்து அறிவித்த பொருள். சுருக்கத்துக்குப் பூசுகிற ரெட்டினால் என்ற மருந்துக்கு மாற்றாக இப்போது உலகம் முழுக்க விற்கிறார்கள். 2019-ல் பிரிட்டிஷ் தோல் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வில் 44 பேருக்கு 12 வாரம் பூசிப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு அரை சதவிகித பாகுச்சியால், தினம் இரண்டு வேளை. மீதிப் பேருக்கு அரை சதவிகித ரெட்டினால், தினம் ஒரு வேளை. சுருக்கமும் கரும்புள்ளியும் இரண்டு பக்கமும் ஒன்று போலவே குறைந்தன. தோல் உரிதலும் எரிச்சலும் ரெட்டினால் பூசியவர்களுக்கே அதிகம் வந்தன. நல்ல செய்திதான். ஆனால் 44 பேர், 12 வாரம் என்பது சின்ன ஆய்வு. பாகுச்சியால் ஒத்துக்கொள்ளாமல் ஒவ்வாமை வந்தவர்களைப் பற்றியும் மருத்துவ இதழ்களில் குறிப்புகள் வந்திருக்கின்றன.

இங்கே கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அந்த ஆய்வில் பூசியது, அளவு தெரிந்து க்ரீமில் சேர்த்த பாகுச்சியால் என்ற தனிப் பொருள். அதை விதையிலிருந்து பிரித்துச் சுத்தம் செய்யும்போது சோராலெனை நீக்கிவிடுகிறார்கள். அதற்கு ஆலையும் வேண்டும், எவ்வளவு நீங்கியது என்று அளக்கும் கருவியும் வேண்டும். வீட்டு வாணலியில் விதையை எண்ணெயில் காய்ச்சினால் பாகுச்சியாலும் இறங்கும், சோராலெனும் கூடவே இறங்கும். எது எவ்வளவு என்று கண்ணால் பார்த்தோ முகர்ந்து பார்த்தோ சொல்ல முடியாது. விதை விளைந்த மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்ப அதுவும் மாறும். பாட்டிலில் பாகுச்சியால் என்று எழுதி ஒட்டினாலும் உள்ளே இருப்பது விதை எண்ணெய்தான்.

ஐரோப்பிய நாடுகளின் சட்டம், வெயிலில் பூசிக்கொள்ளும் க்ரீம்களில் ஃப்யூரோகூமரின் ஒரு கிலோவுக்கு ஒரு மில்லிகிராமுக்குக் கீழேதான் இருக்க வேண்டும் என்கிறது. பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அவ்வளவு நுணுக்கமாக அளக்க வேண்டிய பொருளை அடுப்படியில் யாராலும் அளக்க முடியாது.

வயலில் நிற்பவர்களுக்கு ஏன் கூடுதல் ஆபத்து?

முகச் சுருக்க க்ரீம் வாங்கும் நகரத்துப் பெண் பெரும்பாலும் நிழலில் இருப்பவர். காரைக்கால் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே பதினோரு பாகைக்குள். வருடத்தில் பல மாதம் உச்சிவெயில் தலைக்கு நேரே அடிக்கும். நடவுக்கும் களைக்கும் போகிறவர்களின் கழுத்தும் முன்கையும் மணிக்கணக்கில் திறந்தே இருக்கும். மேகம் மூடியிருந்தாலும் புற ஊதா ஏ கதிர் வரும். பஸ்ஸில் சன்னல் கண்ணாடி வழியாகவும் வரும்.

இன்னொரு சங்கடம், இந்தப் புண் தாமதமாகத் தெரிவது. சாதாரண வெயில் எரிச்சல் அன்று மாலையே தெரிந்துவிடும். சோராலென் சூடு ஒரு நாள் கழித்துத் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும். அதற்குள் என்ன தடவினோம் என்பதே மறந்துவிடும். சின்னம்மாவின் கையைப் பார்த்து எல்லாரும் களைக்கொல்லியைத் திட்டியது இதனால்தான்.

எலுமிச்சைச் சாறுக்கும் அத்திப் பாலுக்கும்கூட இந்தக் குணம் உண்டு. கை நிறைய எலுமிச்சை பிழிந்துவிட்டு வெயிலில் போனவர்களுக்கு விரல் இடுக்கில் கொப்புளம் வருவதைத் தோல் மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள். கார்போகரிசிப் பொடியை எலுமிச்சைச் சாற்றில் குழைத்து முகத்தில் பூசச் சொல்லும் குறிப்பு, ஒரு நெருப்போடு இன்னொரு நெருப்பைச் சேர்ப்பது.

குழு எடுத்த முடிவு

இவ்வளவையும் தலைவி குழுக் கூட்டத்தில் சொன்னபோது எதிர்ப்பு வராமல் இல்லை. "எங்க அப்பாயி காலத்துல இருந்து பூசுறோம், நமக்கு ஒண்ணும் ஆகலையே" என்றார் ஒருவர். நியாயமான கேள்வி. தலைவி சொன்ன பதில் இது: "அப்பாயி பொடியைத் தேய்ச்ச உடனே தண்ணி ஊத்திக் கழுவிடும். பத்துச் சாமான்ல அது ஒரு சாமான். இது தனியா எண்ணெயில இறக்கி, முகத்துலயே தங்குற மாதிரி பூசுறது. ரெண்டும் ஒண்ணு இல்ல."

இன்னொருவர், "கையில தடவிப் பார்த்துட்டு விக்கலாமே" என்றார். முழங்கையின் உள்பக்கம் தடவிப் பார்க்கும் சோதனை ஒவ்வாமையைக் காட்டும். வெயில் படாத இடத்தில் சோராலென் வாயைத் திறக்காது. அங்கே ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து முகத்துக்கு நல்லது என்று சொல்ல முடியாது.

சட்டமும் குறுக்கே நின்றது. வீட்டுக்கு அரைத்துக்கொள்வதைப் பற்றி யாரும் கேட்கப் போவதில்லை. விற்பனைக்கு அழகுப் பொருள் தயாரிக்க, 2020-ம் ஆண்டு அழகுசாதனப் பொருள்கள் விதிகளின்படி உரிமம் வேண்டும். தயாரிக்கும் இடம் காரைக்காலில் இருந்தால் உரிமம் புதுச்சேரி அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் வாங்க வேண்டும். பத்து கிலோமீட்டர் தள்ளி நாகை மாவட்டத்தில் தயாரித்தால் தமிழ்நாடு அரசிடம். எல்லை கடந்து விற்பதால் எந்த அரசுக்கும் சம்பந்தம் இல்லை என்று ஆகிவிடாது. வெண்புள்ளி போகும், தேமல் போகும் என்று எழுதினால் அது அழகுப் பொருள் கணக்கிலிருந்து மருந்துக் கணக்குக்குப் போய்விடும். அதற்குச் சித்த, ஆயுர்வேத மருந்து உரிமம் வேறு.

கடைசியில் நூறு பாட்டில் ஆர்டரை வேண்டாம் என்றார்கள். குளியல் பொடியிலிருந்தும் கார்போகரிசியை எடுத்துவிட்டார்கள். கழுவிவிடும் பொடியில் ஆபத்து குறைவுதான். ஆனால் வாங்குகிறவர் அதைக் கழுவுவாரா, தயிரில் குழைத்து ஒரு மணி நேரம் வைத்திருப்பாரா என்பது அரைப்பவர் கையில் இல்லை. பொடிக்குக் கார்போகரிசி மணம் தருவதும் இல்லை, நுரை தருவதும் இல்லை. எடுத்ததால் வாடிக்கையாளர் ஒருவரும் குறையவில்லை. அந்தக் கோடையில் வருமானம் குறைவாகத்தான் வந்தது. அதை ஈடுகட்ட, உரிமத்துக்கான வேலையைத் தொடங்கிவிட்டு, பச்சைப்பயறை உடைத்துப் பாசிப்பருப்பாக விற்றார்கள்.

பொடி வாங்க வருகிறவர்கள் தலைவியிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகளும் அவர் சொல்லும் பதில்களும் இவை.

"கடையில விக்கிற பாகுச்சியால் க்ரீம் வாங்கலாமா?"

பின்பக்கம் சேர்மானப் பட்டியலைப் பார்க்க வேண்டும். 'பாகுச்சியால்' என்று தனியாக இருந்தால் அது பிரித்தெடுத்த பொருள். 'சோராலியா கோரிலிஃபோலியா விதை எண்ணெய்' என்றோ 'பாப்ச்சி எண்ணெய்' என்றோ இருந்தால் அது விதை எண்ணெய். இரண்டும் ஒன்றல்ல. தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி இல்லாததை வாங்கக் கூடாது. முதல் தடவை கொஞ்சமாகப் பூசிப் பார்க்க வேண்டும்.

"யாரு யாரு தொடவே கூடாது?"

கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் பூசக் கூடாது. வெயில் பட்டால் தோல் தடிக்கும் நோய் உள்ளவர்கள் விதையைத் தவிர்க்க வேண்டும். சில மாத்திரைகளும் தோலை வெயிலுக்குக் கூச வைக்கும். எலிக்காய்ச்சலுக்குக் கொடுக்கும் டாக்சிசைக்ளின் அதில் ஒன்று. வயல் வேலை செய்கிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

"உள்ளுக்குச் சாப்பிட்டா தோல் வெளுக்குமாமே?"

வெளுக்காது. இந்த விதையை உள்ளுக்கு எடுத்துக்கொண்டவர்களில் சிலருக்கு ஈரல் பாதித்து மஞ்சள் காமாலை வந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. தகுதியுள்ள சித்த அல்லது ஆயுர்வேத மருத்துவர் பார்த்துக் கொடுத்தால் தவிர, கடையில் வாங்கி விழுங்கக் கூடாது.

"வெண்புள்ளிக்கு வைத்தியர் குடுத்தா?"

மருத்துவர் சொன்ன அளவும் சொன்ன வெயில் நேரமும்தான் மருந்து. நேரத்தைக் கூட்டினால் சீக்கிரம் குணமாகும் என்று நினைக்கக் கூடாது.

"தெரியாம பூசிட்டு வெயில்ல போயிட்டேன், என்ன செய்ய?"

உடனே சோப்புப் போட்டுக் கழுவி, நிழலுக்கு வந்துவிட வேண்டும். பூசிய இடத்தை அடுத்த இரண்டு மூன்று நாளைக்குத் துணியால் மூடி வைக்க வேண்டும். சிவந்தால் ஈரத்துணி ஒத்தடம் கொடுக்கலாம். கொப்புளத்தை உடைக்கக் கூடாது. பற்பசை, எலுமிச்சை, சுண்ணாம்பு எதையும் தடவக் கூடாது. கொப்புளம் பெரிதாக இருந்தால், அல்லது கண் பக்கம் வந்தால், அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். போகும்போது என்ன தடவினீர்கள் என்பதை டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் அவரும் களைக்கொல்லியைத்தான் தேடுவார். பிறகு நிற்கும் கறுப்புத் தடம் சில வாரத்திலோ மாதங்களிலோ தானாக மங்கும். அதைப் போக்குகிறேன் என்று கடையில் விற்கும் வெளுப்பு க்ரீமைப் பூசினால் புதுத் தொல்லை வரும். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது.

"அப்ப நடவுக்குப் போறவங்க முகத்துக்கு என்னதான் பூசுறது?"

காலையில் ஒன்றும் பூச வேண்டாம். முழுக்கைச் சட்டை, தலையில் முண்டாசு, கழுத்தை மூட ஒரு துண்டு. இந்த மூன்றும் எந்த க்ரீமையும் விட வெயிலைத் தடுக்கும். சாயங்காலம் வந்து பயற்றம் மாவு தேய்த்துக் குளித்துவிட்டு, தோல் வறண்டிருந்தால் நல்ல தேங்காயெண்ணெய் நாலு சொட்டுத் தடவினால் போதும்.